மீசை தேய்ந்த கோரி

எங்கள் வீட்டு மூன்றடி மீன்தொட்டியில் ஆறு ஸ்டெர்பாய் கோரிகள் இருக்கின்றன. பிரேசில், பொலிவியா பக்கம் ஓடும் குவாப்போரே ஆற்றின், அடியில் மேயும் சின்னக் கெளுத்தி மீன்கள். மற்ற கோரிகளைவிடச் சூடு தாங்கும் என்றுதான் வாங்கினேன்.

நான்காவது மாதம் ஒன்றுக்கு மீசை பாதி காணோம். அடுத்த வாரம் இன்னொன்றுக்கும். முனை சிவந்து, மொட்டையாக இருந்தது. கடையில் பூஞ்சை மருந்து கொடுத்தார்கள். பத்து நாள் ஊற்றியும் பலனில்லை.

ஒருநாள் அழுக்கை உறிஞ்சி எடுக்கும் சைஃபன் குழாயைச் சரளைக்குள் நன்றாகச் செருகினேன். கறுப்புக் குழம்பாக வந்தது, அழுகிய முட்டை நாற்றம்! மேலே பளிச்சென்று இருந்த தொட்டிதான். கூரான கல், அதற்கடியில் மக்கிய தீனி. பாவம், நாள் முழுக்க மூக்கைப் புதைப்பது அதில்தானே.

சரளையை ஒரே நாளில் எடுக்கவில்லை. நன்மை செய்யும் பாக்டீரியா அதிலும் இருக்கும் என்பதால் பாதி இந்த வாரம், மீதி அடுத்த வாரம். ஃபில்டரைத் தொடவே இல்லை. மெல்லிய ஆற்று மணலில் வினிகர் விட்டுப் பார்த்தேன், நுரைக்கவில்லை. அதாவது சுண்ணாம்பு இல்லை. கலங்கல் போகும்வரை பன்னிரண்டு வாளி அலசி, ஓர் அங்குலம் மட்டும் பரப்பினேன். வாரம் 30 சதவீதம் தண்ணீர் மாற்றம். அடியில் மூழ்கும் தீனி, விளக்கணைத்த பிறகு.

இரண்டு மாதத்தில் ஒன்றுக்கு மீசை வளர்ந்துவிட்டது. அடியோடு தேய்ந்த இன்னொன்றுக்கு வரவில்லை; ஆனாலும் நன்றாகவே தின்கிறது. வாயில் அள்ளிய மணல் செவுள் வழியே புகைபோல வெளியேறுவதை இப்போதுதான் பார்க்கிறேன்.