பங்களா பியானோலாவின் துருத்தியைச் சரிசெய்வது எப்படி

நுவரெலியா, ஹட்டன் பக்கம் ஏதாவது பழைய துரை பங்களாவில் பியானோலா (துளையிட்ட காகிதச் சுருளை மாட்டி மிதித்தால் தானே வாசிக்கும் பியானோ) ஒன்று கிடைத்து, மிதித்தால் புஸ்ஸென்று சத்தம் மட்டும் வருகிறதா? பயப்படாதீர்கள், முக்கால்வாசி நேரம் துருத்தித் துணி உளுத்துப்போனதுதான் காரணம்.

இது காற்றை உறிஞ்சி ஓடும் இயந்திரம். மிதிக்கும்போது உள்ளே காற்று குறையும். காகிதச் சுருளின் துளை பித்தளைச் சட்டத்தின் துளைக்கு நேரே வந்ததும் வெளிக்காற்று உள்ளே புகுந்து சின்னத் தோல் பையைத் தூக்கும், வால்வு திறக்கும், அந்தக் கட்டைக்குரிய துருத்தி சட்டென்று சுருங்கிச் சுத்தியலை அடிக்க வைக்கும். 88 கட்டைக்கு 88 துருத்தி. எதில் ஒழுகினாலும் அந்தச் சுரம் ஊமை.

கழற்றும் முன் படம் எடுங்கள், ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் நம்பர் போடுங்கள். சட்டத்திலிருந்து வால்வுகளுக்குப் போகும் ஈயக் குழாயில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் வாயால் ஊதிப் பார்க்க வேண்டாம், அது நஞ்சு. கையைக் கழுவிவிட்டுத்தான் தேத்தண்ணி.

முதலில் அடியில் இருக்கும் பெரிய மிதி துருத்திகள், அப்புறம்தான் சின்னவை. பழைய துணி அப்பளம் மாதிரி நொறுங்கும். விரிவு எவ்வளவு என்று பழையதில் அளந்துகொண்டு, ரப்பர் பூசிய புதுத் துணியைச் சுற்றி ஒட்டுங்கள், இரண்டு முனையும் கீல் பக்கம் சேரட்டும். ஒட்டுவதற்கு ஆசாரிமார் பாவிக்கும் வச்சிரம்தான் (மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை). இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, வெந்நீருக்குள் சட்டியை வைத்து 60 பாகை செல்சியஸ் அளவில் உருக்குங்கள், கொதிக்க விடாதீர்கள். எனக்கு வந்த பியானோவில் யாரோ புண்ணியவான் வெள்ளைப் பசை பூசியிருந்தார், சுரண்டி எடுக்கவே இரண்டு கிழமை போனது, பலகையும் பெயர்ந்தது. வச்சிரம் என்றால் சூடு காட்டினாலே விட்டுவிடும்.

இன்னொன்று, மே மாதம் மழை பிடித்த பிறகு இதைத் தொடங்காதீர்கள். மூடுபனியில் எதுவும் காயாது. பெப்ரவரி, மார்ச்தான் நல்லது.

காய்ந்ததும் துருத்தியை மூடி, அதன் துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு மெல்லத் திறக்கப் பாருங்கள். இறுகப் பிடித்து நின்றால் சரி, மூச்சுவிட்டபடி திறந்தால் மறுபடி ஒட்டுங்கள்.

எல்லாம் பூட்டிய பிறகு வேக முள்ளை 70இல் வைத்து மிதியுங்கள். ஒரு நிமிடத்தில் காகிதம் 7 அடி ஓட வேண்டும். குறைவாக ஓடினால், வேகத் திருகைத் தொடும் முன் சுருளைச் சுற்றும் காற்று மோட்டாரின் துணியைப் பாருங்கள்.