வீடியோ காலில் புற்றுநோய் சிகிச்சை: எங்கே சறுக்குகிறோம்?

கீமோ போட்டு வீட்டுக்கு வந்ததும் டாக்டரை போனில் பார்க்கத் தொடங்கும் குடும்பங்கள் ஒரே தவறுகளையே திரும்பத் திரும்பச் செய்கின்றன. நெட் விட்டுப்போவதும் சார்ஜ் தீர்வதும் கிடக்கட்டும். அவற்றால் உயிர் போவதில்லை.

காய்ச்சலுக்கு அப்பாயின்ட்மென்ட் கேட்பது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எங்களுக்கு ஆத்திரம் வருவது இதில்தான். பெரும்பாலான கீமோ மருந்துகளில், போட்ட 7 முதல் 14 நாளுக்குள் கிருமிகளோடு போராடும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அப்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் ஒரு மணி நேரம் நீடித்தாலோ, ஒரே ஒரு முறை 101-ஐத் தொட்டாலோ அது அவசரநிலை. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் நரம்பு வழியாக ஏற வேண்டும்.

வழக்கமாக நடப்பது வேறு. இரவு எட்டு மணிக்கு உடம்பு சுடுகிறது. தெர்மாமீட்டர் வைக்காமலே பாராசிட்டமால் கொடுக்கிறார்கள். வியர்த்துச் சூடு தணிகிறது. "காலையில் வீடியோ கால் இருக்கிறதே, அப்போது கேட்டுக்கொள்ளலாம்." காலையில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து "நல்லா இருக்கேன்" என்கிறார். மாலையில் ரத்த அழுத்தம் சரிகிறது.

சீழ், சிவப்பு, வீக்கம் எல்லாம் வெள்ளை அணுக்கள் போராடுவதால் வருபவை. அந்த அணுக்கள் இல்லாத உடம்பில் கேமராவுக்குத் தெரிய எதுவும் இருக்காது. பாராசிட்டமாலும், வாந்திக்குக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோனும் காய்ச்சலையே மறைத்துவிடும்.

எனவே மாத்திரைக்கு முன் டிஜிட்டல் தெர்மாமீட்டர். நாக்கின் அடியில் வையுங்கள். காபி குடித்திருந்தால் 15 நிமிடம் பொறுங்கள். ஆசனவாய் வழியாக ஒருபோதும் பார்க்க வேண்டாம். நேரத்தையும் அளவையும் எழுதுங்கள். அவசர எண்ணை அழைத்துக்கொண்டே கிளம்புங்கள். குளிர் நடுக்கம் வந்தால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் கிளம்புங்கள். கேஷுவாலிட்டி வாசலில் முதல் வார்த்தையே "கீமோ போட்டு பத்து நாள், காய்ச்சல்" என்று இருக்கட்டும். டிஸ்சார்ஜ் சம்மரியும் கடைசி ரத்தப் பரிசோதனையும் ஒரே பையில் தயாராக இருக்க வேண்டும்.

ஊர் தொலைவென்றால், இரவிலும் ரத்த அணுக்களை எண்ணி ஆன்டிபயாட்டிக் ஏற்றக்கூடிய பக்கத்து ஆஸ்பத்திரி எது என்பதை முதல் வீடியோ காலிலேயே டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

சீட்டைப் படித்துக் காட்டுவது

சீட்டு வேண்டாம், மாத்திரை அட்டையையே கேமராவில் காட்டுங்கள். கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரையை வழக்கமாக 14 நாள் சாப்பிட்டு 7 நாள் விட வேண்டும். அந்த இடைவெளியை மறந்து தொடர்ந்து விழுங்குபவர்கள் உண்டு. மிச்சமிருக்கும் மாத்திரைகளை எண்ணினால்தான் அது பிடிபடும். வழக்கத்தைவிட ஒரு நாளில் நான்கு முறை கூடுதலாக வயிற்றுப்போக்கு போனால், அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே அழையுங்கள்.

நோயாளி இல்லாமல் மகன் பேசுவது

நோயாளியின் முகமும் மூச்சும் திரையில் தெரிய வேண்டும்.

புண்ணை அசையும் கேமராவில் காட்டுவது

முன்பே பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள்.

மார்ஃபின் தீர்ந்த பிறகு கேட்பது

2020 மார்ச்சில் வந்த இந்தியத் தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி வலிக்குத் தரும் மார்ஃபின் போன்ற, போதைப்பொருள் சட்டத்தில் வரும் மருந்துகளை வீடியோ காலில் எழுதித் தர முடியாது. ஒரு வாரத்துக்கான மருந்து கையில் இருக்கும்போதே நேரில் போகும் நாளைக் குறியுங்கள்.