நாய் ஓயாமல் பாதத்தை நக்குகிறதா? முதலில் எந்தப் பாதம் என்று பாருங்கள்

வெளியே போய்வந்த பிறகோ தூங்குவதற்கு முன்போ நாய் ஓரிரு நிமிடம் பாதத்தை நக்கிச் சுத்தம் செய்துகொள்வது இயல்பு. கூப்பிட்டாலும் நிறுத்தாமல் நக்குவதும், விரலிடுக்கில் பல்லை நுழைத்துக் கொறிப்பதும், நள்ளிரவில் சளக் சளக்கென்று சத்தம் கேட்பதும் இயல்பல்ல. வெளிர்நிற நாய்களின் பாதத்தில் முடி செம்பழுப்பாக மாறியிருக்கும். அது ரத்தமல்ல, எச்சிலில் உள்ள போர்ஃபைரின் என்ற நிறமியின் கறை. கறை ஏறியிருந்தால் இந்தப் பழக்கம் நேற்று தொடங்கியதல்ல என்று அர்த்தம்.

ஏதாவது களிம்பு தடவலாமா என்றுதான் பலரும் முதலில் கேட்பார்கள். தடவினால் நாய் அதையும் சேர்த்து நக்கி விழுங்கும், காரணம் அப்படியே இருக்கும். அதற்கு முன் இரண்டு நாள் கவனியுங்கள்.

ஒரே ஒரு பாதத்தை மட்டும் நக்கினால் சிக்கல் பெரும்பாலும் அந்தப் பாதத்திலேயே இருக்கும்: முள், கண்ணாடித் துண்டு, பிளந்த நகம், உண்ணி, விரலிடுக்கில் கொப்புளம். முன்னங்கால் இரண்டையுமோ நான்கு பாதங்களையுமோ நக்கினால் முதல் சந்தேகம் ஒவ்வாமை. பாதத்துக்குச் சற்று மேலே, மணிக்கட்டுப் பகுதியில் ஒரே இடத்தை நக்கிக்கொண்டிருந்தால் அடியில் மூட்டுவலி இருக்கலாம். வயதான நாயென்றால் இதை மறக்கவே கூடாது.

பாதத்தைச் சோதிப்பது

நாயைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு விரலிடுக்கையும் மேலிருந்தும் அடியிலிருந்தும் விரித்துப் பாருங்கள். அடிப்பக்கம் மெத்தை போன்ற சதைத் திண்டுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். உண்ணி ஒளிவதும் அங்கேதான். நகங்களை ஒவ்வொன்றாக லேசாக அசைத்துப் பாருங்கள், பிளந்த நகத்தைத் தொட்டதும் நாய் காலை இழுத்துக்கொள்ளும். முன்னங்காலின் உட்புறம் சற்று உயரத்தில் இருக்கும் ஐந்தாவது நகம் தரையில் படாததால் தேயாது. வெட்டாமல் விட்டால் வளைந்து சதைக்குள்ளேயே இறங்கிவிடும்.

பிறகு முகர்ந்து பாருங்கள். புளித்த மாவு போன்ற வாடை, நகத்தின் அடியில் பழுப்பு நிற மெழுகுப் பிசுக்கு, தடித்துக் கருத்த தோல் இருந்தால் மலசீசியா என்ற பூஞ்சை பெருகியிருக்க வாய்ப்பு அதிகம். அப்படியே காதுக்குள்ளும் ஒரு பார்வை பாருங்கள். ஒவ்வாமை உள்ள நாய்க்குக் காதும் பாதமும் சேர்ந்தே சிவந்திருப்பது சகஜம்.

முள்ளின் நுனி வெளியே தெரிந்தால் அது நுழைந்த திசையிலேயே நேராக இழுத்து எடுங்கள். உண்ணியைத் தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து, நசுக்காமல் மெதுவாக நேராக இழுக்க வேண்டும். எண்ணெய் ஊற்றுவதும் சூடு வைப்பதும் வேண்டாம். சில புல்வகைகளின் கூரிய விதைகள் பின்னோக்கிய முட்களோடு இருப்பதால் உள்ளேதான் போகும், வெளியே வராது. வீங்கிய இடத்தில் சிறு துளையிலிருந்து நீர் கசிந்தால் அதைக் கிளறாமல் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

கழுவுவதும் உலர்த்துவதும்

நக்க நக்கப் பாதம் ஈரமாகும். ஈரத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகும். பெருகினால் இன்னும் அரிக்கும். ஒவ்வாமையில் தொடங்கியது தொற்றில் போய் நிற்பது இப்படித்தான். இதை உடைக்க வீட்டிலேயே நிறையச் செய்யலாம்.

வெளியே போய்வந்ததும் நான்கு பாதங்களையும் வெறும் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். மகரந்தம், தூசி, தரை துடைக்கும் ரசாயனம் எல்லாம் அதோடு போகும். பூஞ்சைக்கான அறிகுறி இருந்தால் 2% குளோர்ஹெக்சிடின், 2% மைக்கோனசோல் சேர்ந்த, நாய்களுக்கான ஷாம்புவை வாரம் இரண்டு முறை பயன்படுத்தலாம். நுரையை விரலிடுக்கிலும் நகத்தடியிலும் தேய்த்து முழுதாக 10 நிமிடம் விட வேண்டும். ஷாம்பு வேலை செய்யவில்லை என்பவர்களில் பலர் இரண்டு நிமிடத்தில் அலசிவிடுகிறவர்கள். அந்த நேரம் முழுக்க நாய் நக்காதபடி பிடித்துக்கொள்ளுங்கள்.

அலசியபின் ஒவ்வொரு இடுக்கிலும் துணியை விட்டு ஒற்றி எடுத்து நன்றாக உலர்த்துங்கள். சரியாக உலராத பாதம் கழுவாத பாதத்தைவிட மோசம். சாக்ஸ் மாட்டி நாள் முழுக்க விடுவதையும் இதே காரணத்துக்காகத்தான் வேண்டாம் என்கிறோம்.

புண் ஆறும்வரை கழுத்தில் கூம்பு மாட்டலாம். அது மூக்கு நுனியைத் தாண்டி 2 முதல் 3 செ.மீ. நீண்டிருக்க வேண்டும், குட்டையாக இருந்தால் நாய் வளைந்து பாதத்தை எட்டிவிடும். நக்குவதைத்தான் கூம்பு தடுக்கும், அரிப்பைத் தடுக்காது.

புண்ணில் ஊற்றினால் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆறிவரும் திசுவையே கெடுக்கும். டீ ட்ரீ எண்ணெயும் துத்தநாகக் களிம்பும் நக்கினால் நஞ்சு. பாராசிட்டமால், இபுபுரூஃபன் போன்ற மனிதர் மாத்திரைகளை வலிக்கென்று கொடுத்தால் ஈரலோ சிறுநீரகமோ பாதிக்கப்படலாம். வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு களிம்பும் வேண்டாம்: காரணம் டெமோடெக்ஸ் என்ற தோல் பூச்சியாக இருந்தால் நோய் இன்னும் பரவும்.

ஒவ்வாமை என்றால்

ஆண்டின் சில மாதங்களில் மட்டும் வந்துபோனால் மகரந்தம். ஆண்டு முழுக்க இருந்தால் வீட்டுத் தூசிப் பூச்சி அல்லது உணவு. உணவு ஒவ்வாமையை ரத்தப் பரிசோதனையால் நம்பகமாகச் சொல்ல முடியாது; உணவை மாற்றிப் பார்ப்பதுதான் வழி. நாய் இதுவரை தின்றிராத ஒரே புரதத்தையோ, மருத்துவர் தரும் ஹைட்ரோலைஸ்டு (புரதத்தை மிகச் சிறு துண்டுகளாக உடைத்த) உணவையோ குறைந்தது 8 வாரம் கொடுக்க வேண்டும். இடையில் ஒரு பிஸ்கட், சுவையூட்டிய மாத்திரை, குழந்தையின் தட்டில் ஒரு நக்கு, எதுவானாலும் சோதனை பாழ். அரிப்பு அடங்கினால் பழைய உணவைத் திரும்பக் கொடுங்கள். அரிப்பு திரும்பினால் காரணம் உறுதி; பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிடும். மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை ஆகியவைதான் அடிக்கடி மாட்டுகின்றன.

சலிப்பாலும் தனிமைப் பதற்றத்தாலும் நாய் நக்கும்தான். ஆனால் மற்ற எல்லாவற்றையும் பார்த்துத் தீர்த்தபிறகே அந்த முடிவுக்கு வாருங்கள். அரிப்புள்ள நாயை ‘கெட்ட பழக்கம்’ என்று அதட்டுவதில் பயனில்லை.

மருத்துவரிடம் போகும்போது எப்போது தொடங்கியது, எந்தப் பாதம், என்ன தின்கிறது என்று எழுதிக்கொண்டு, பாதத்தின் புகைப்படங்களையும் எடுத்துச் செல்லுங்கள். அன்று காலை கழுவாதீர்கள். ஒட்டுநாடாவில் பிசுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க அது வேண்டும். தோலைச் சற்று ஆழமாகச் சுரண்டிப் பூச்சி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அரிப்புக்கு ஓக்லாசிட்டினிப் மாத்திரை சில மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கும், ஆனால் 12 மாதத்துக்குக் குறைந்த குட்டிகளுக்குத் தருவதில்லை. லோகிவெட்மாப் ஊசி 4 முதல் 8 வாரம் தாங்கும்.

காலை ஊன்ற முடியாமை, சீழ், திடீர் வீக்கம், நிற்காத ரத்தம், பாதத்தின் பல திண்டுகளில் ஒரே நேரத்தில் பொருக்கு, அல்லது இவற்றோடு காய்ச்சலும் சோர்வும் இருந்தால் வீட்டு வைத்தியத்தை விட்டு அன்றே கொண்டுபோங்கள்.