கப்பலேறிப் போன முன்னோரைப் பதிவேடுகளில் தேடுவது எப்படி? தொடக்கநிலையாளர்களுக்கு ஒரு செய்முறை

‘எங்க தாத்தாவோட சித்தப்பா ஒருத்தர் நேட்டாலுக்குப் போனார், அப்புறம் தகவலே இல்லை.’ தமிழ்நாட்டில் பல குடும்பங்களில் இப்படி ஒரு வரி உண்டு. நேட்டாலுக்குப் (இன்றைய தென்னாப்பிரிக்காவின் ஒரு பகுதி) பதில் மொரீசியஸ், பிஜி, ரீயூனியன் என்று ஊர் மாறும், அவ்வளவுதான். அந்தக் கரையில் இருக்கும் பேரன் பேத்திகளிடமும் இதே கதையின் மறுபாதி இருக்கிறது: ‘மெட்ராஸிலிருந்து வந்தார்கள், எந்த ஊர் என்று தெரியாது.’

இந்த இரண்டு பாதிகளையும் இணைப்பது முடியாத காரியம் இல்லை. ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களைப் பற்றி வெள்ளைக்கார அரசாங்கம் விரிவாகவே எழுதி வைத்தது. அக்கறையினால் இல்லை. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஒரு ஆள் ஓடிப்போனால் பிடித்து வர அங்க அடையாளம் வேண்டுமே, அதற்காக. காரணம் எதுவானாலும், அந்தக் காலத்து ஏழைக் குடியானவர்களைப் பற்றி இவ்வளவு விவரம் வேறு எங்கும் கிடைக்காது.

1. வீட்டில் இருப்பதை முதலில் எழுதுங்கள்

பெரியவர்களிடம் கேளுங்கள், பெட்டியில் உள்ள பழைய தாள்களைப் பாருங்கள். போனவர் பெயர், அவருடைய அப்பா பெயர், யாரோடு போனார், ஏறத்தாழ எந்தக் காலம். ஆண்டு தெரியாவிட்டால் ‘தாத்தா பிறப்பதற்கு முன்பா, பின்பா’ என்று கேட்டால் ஒரு பத்தாண்டு வட்டத்துக்குள் வந்துவிடலாம். கடிதங்கள் இருந்தால் உறையைத் தூக்கி எறியாதீர்கள். அஞ்சல் முத்திரையில் ஊரும் தேதியும் இருக்கும்.

2. எந்த நாடு என்பதை உறுதி செய்யுங்கள்

நாடு தெரிந்தால்தான் எந்த ஆவணக்காப்பகம் என்று முடிவாகும். ‘அக்கரைக்குப் போனார்’ என்று மட்டும் தெரிந்தால் போன காலத்தை வைத்து ஓரளவு ஊகிக்கலாம்.

நேட்டாலுக்கு முதல் கப்பலான ‘ட்ரூரோ’ மெட்ராஸிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் போனார்கள், அவர்களில் பெரும்பாலோர் மெட்ராஸ் வழியாக. தொடங்குகிறவர்களுக்கு மிகவும் கைகொடுப்பது இந்த நேட்டால் கப்பல் பட்டியல்தான். ஆய்வாளர்கள் அதைக் கணினியில் ஏற்றியிருப்பதால் தேடவும் முடிகிறது.

மொரீசியஸுக்கு 1834 முதல் ஆட்கள் போனார்கள். அவர்கள் கரையிறங்கிய ஆப்ரவாசி காட் இன்று உலகப் பாரம்பரியச் சின்னம். பதிவேடுகள் மோக்கா என்ற ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. அதிர்ஷ்டம் இருந்தால் அங்கே புகைப்படமும் கிடைக்கும்.

பிஜிக்கு ஆள் அனுப்பியது 1879-இல் தொடங்கினாலும், மெட்ராஸிலிருந்து கப்பல் போனது 1903 முதல் 1916 வரைதான். ஆகவே 1880-களில் போனார் என்று வீட்டில் சொன்னால் அது பிஜியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பிஜிக்குப் போனவர்களின் குடியேற்றச் சீட்டுகள் சுவாவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன.

புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போனவர் என்றால் பிரெஞ்சுத் தீவுகளை நினையுங்கள்: ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப். பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த பகுதிகளுக்கான ஆவணக்காப்பகம், புதுச்சேரி, காரைக்கால் உட்பட பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. எல்லாம் பிரெஞ்சுக் கையெழுத்து. நான்கைந்து பக்கம் பார்த்துப் பழகினால் சொற்றொடர்கள் திரும்பத் திரும்ப வருவது பிடிபட்டுவிடும்.

மலாயாவும் இலங்கையும் வேறு கதை. அங்கே பெரும்பாலானோர் கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்த்து அழைத்துப் போகும் மேஸ்திரி) மூலம் போனார்கள். கப்பல் வாரியாகப் பெயர்ப் பட்டியல் கிடைப்பது அரிது. தோட்டத்துப் பதிவேடு, கோயில் அல்லது தேவாலயப் பதிவேடு, பிற்காலக் குடியுரிமை விண்ணப்பம் ஆகியவற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். இந்திய, இலங்கை அரசுகள் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பம் என்றால், அப்போது கொடுத்த பாஸ்போர்ட்டையும் குடும்ப அட்டையையும் தேடிப் பாருங்கள்.

3. கப்பல் பட்டியலைப் படிக்கும் முறை

நேட்டால் பட்டியலில் ஒருவருக்கு ஒரு வரி. குடியேற்ற எண், பெயர், அப்பா பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடல் அடையாளம் எல்லாம் வரும். கப்பல் பெயரும் வந்து சேர்ந்த தேதியும் இருக்கும்.

எல்லாரும் பெயரைத்தான் பிடித்துக்கொள்வார்கள். நான் எண்ணைப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். அந்த எண் சாகும்வரை அந்த ஆளை விடாது. திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, ஒப்பந்தம் முடிந்த சான்று என்று பின்னால் வரும் தாள்களில் அது தொடர்ந்து வரும். ஒரே கப்பலில் பல முனியன்கள் இருக்கலாம், எண் மட்டும் ஒருவருக்குத்தான்.

அடுத்து, உங்கள் ஆளின் வரிக்கு மேலேயும் கீழேயும் இருபது வரிகளையாவது பாருங்கள். சேர்ந்து போனவர்கள் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களில் இருப்பார்கள். மனைவி, பிள்ளை, அண்ணன் தம்பி, அதே ஊர்க்காரர். கிராமத்தின் பெயர் உங்கள் வரியில் சிதைந்திருந்தாலும் பக்கத்து வரியில் ஒழுங்காக இருக்கக்கூடும். இதை விட்டுவிட்டு வருடக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு.

வயதை நம்பாதீர்கள். 20, 25, 30 என்று ஐந்தின் மடங்காக வந்தால் அது குமாஸ்தாவின் மதிப்பீடு. ஐந்து வயது முன்பின் இருக்கலாம். சாதிப் பத்தியும் அப்படித்தான். சில இடங்களில் ‘மலபார்’ என்று மட்டும் இருக்கும். அந்தக் காலத்து ஆவணங்களில் அது தமிழரைக் குறிக்க வழங்கிய சொல், கேரளத்துக்குத் தேடப் போய்விடாதீர்கள்.

4. பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்

எழுதியவருக்குத் தமிழ் தெரியாமலிருக்கலாம், சொன்னவருக்கு எழுதத் தெரியாது. முனுசாமி ‘மூன்சாமி’ ஆனார். தென்னாப்பிரிக்காவில் கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனார், முதலியார் ‘மூட்லி’ ஆனார். பிரெஞ்சுத் தீவுகளில் முத்துசாமி ‘மூட்டூசாமி’. இன்னொரு சிக்கல்: போனவரின் சொந்தப் பெயரோ அவர் அப்பாவின் பெயரோ அடுத்த தலைமுறைக்குக் குடும்பப் பெயராக நின்றுவிட்டது. ஆகவே குடும்பப் பெயரை வைத்து எல்லாரும் ஒரே சாதி, ஒரே வம்சம் என்று முடிவு கட்ட முடியாது.

கணினியில் தேடும்போது பெயரின் முதல் மூன்று நான்கு எழுத்துகளை மட்டும் கொடுங்கள். அப்புறம் முதலெழுத்தை மாற்றிப் பாருங்கள். க, ச, ட, த, ப எல்லாம் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதப்படும். ழகரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

5. சக தேடலாளர்களிடம் கேட்பது

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. பெரும்பாலானோர் சொதப்புவதும் இங்கேதான்.

டர்பனில் இருப்பவர் அங்குள்ள ஆவணக்காப்பகத்துக்குப் போக முடியும், ஆனால் தமிழ்ப் பத்திரத்தைப் படிக்க முடியாது. நீங்கள் தாலுகா அலுவலகத்துக்குப் போகலாம், டர்பனுக்குப் போக முடியாது. ஆக, இரண்டு பேருக்கும் மற்றவர் தேவை. உதவி கேட்கும்போதே நீங்கள் என்ன செய்து தர முடியும் என்பதையும் சொல்லிவிடுங்கள். ‘விழுப்புரம், கடலூர் பக்கத்து ஊர்ப்பெயர் எதுவானாலும் கண்டுபிடித்துத் தருகிறேன்’ என்று ஒரு வரி போட்டால் பதில் வரும் வேகமே வேறு.

‘என் தாத்தாவைக் கண்டுபிடிக்க உதவுங்கள்’ என்று எழுதினால் யாராலும் உதவ முடியாது. தெரிந்தது, ஏற்கெனவே பார்த்தது, வேண்டியது என்று மூன்றையும் எழுதுங்கள். உதாரணத்துக்கு:

‘வணக்கம். முனுசாமி, அப்பா பெயர் பெருமாள், 1890-க்கும் 1900-க்கும் இடையில் நேட்டாலுக்குப் போனதாக வீட்டில் சொல்கிறார்கள். ஊர் தென்னார்க்காடு ஜில்லா, திண்டிவனம் தாலுகா. கப்பல் பட்டியலில் பொருந்துகிற மூன்று பேரின் எண்களைக் கீழே கொடுத்திருக்கிறேன். இவர்களில் யாருக்காவது டர்பனில் திருமணப் பதிவு இருக்கிறதா என்று மட்டும் தெரிந்தால் போதும். திண்டிவனம் பகுதியில் உங்களுக்கு ஏதாவது பார்க்க வேண்டுமானால் நான் போய்ப் பார்க்கிறேன்.’

ஒரு கடிதத்துக்கு ஒரு கேள்வி. பதில் வந்ததும் அதன் மூலத்தைக் கேட்டு வாங்குங்கள்: எந்தப் பதிவேடு, எந்தப் பக்கம், முடிந்தால் படம். மூலம் இல்லாமல் ஒருவர் அனுப்பும் முழு வம்சப் படத்தை அப்படியே நகலெடுத்துச் சேர்த்துக்கொள்ளாதீர்கள். ஒரே பெயருள்ள இரண்டு பேரை ஒருவர் குழப்பினால் அந்தக் குழப்பம் இருபது வீட்டுப் படத்தில் ஏறிவிடும். பணம் கொடுத்தால் எல்லாம் எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் முதலில் ஒரே ஒரு ஆவணத்துக்குக் கேட்டுப் பாருங்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி, அடையாள எண் எதையும் பொதுவில் போடாதீர்கள். அந்தக் கரையிலிருக்கும் உறவுக்காரரைக் கண்டுபிடித்துவிட்டால், அவருக்குத் தனியாக எழுதி, அவர் சம்மதித்த பிறகு பெயரைச் சொன்னால் போதும்.

தென்னாப்பிரிக்க நண்பர் கிடைத்தால் தவறாமல் கேட்க வேண்டியது, இறந்தவரின் சொத்துக் கோப்பில் உள்ள இறப்பு அறிவிப்புப் படிவம். பெற்றோர் பெயர், பிறந்த இடம், மனைவி, பிள்ளைகள் என்று ஒரே தாளில் மூன்று தலைமுறை இருக்கும். ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் இவற்றில் சிலவற்றின் படங்களை நீங்களே பார்க்கலாம்.

6. ஊரை அடையாளம் காணுங்கள்

பழைய ஜில்லா எல்லையும் இன்றைய மாவட்ட எல்லையும் ஒன்றல்ல. வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகரம் சித்தூராக இருந்தது. 1911-இல் சித்தூர் தனி ஜில்லாவானது, இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. ராமநாதபுரம் ஜில்லா உருவானது 1910-இல். அதற்கு முன் போனவர் என்றால் மதுரை அல்லது திருநெல்வேலி என்றுதான் எழுதியிருக்கும்.

முதலில் தாலுகாவை உறுதி செய்யுங்கள். பிறகு அந்தத் தாலுகாவின் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் கையேட்டில் கிராமப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படியுங்கள். பாக்கம், பட்டு, பாளையம், பட்டி போன்ற ஈறுகளைக் கழித்துவிட்டு முன்பாதியை ஒப்பிடுங்கள். ஒரே பெயரில் இரண்டு ஊர் இருந்தால், உங்கள் ஆளுக்கு மேல் வரியிலும் கீழ் வரியிலும் இருப்பவர்களின் ஊர்கள் எதற்கு அருகில் இருக்கின்றன என்று பாருங்கள்.

7. ஊர்ப் பதிவேடுகள்

நிலம் வைத்திருந்த குடும்பமானால் வழி எளிது. 1980-களில் நடந்த யுடிஆர் (நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் திட்டம்) பதிவேட்டிலிருந்து பின்னோக்கிப் போய், வெள்ளைக்காரர் காலத்தில் நிலத்தை அளந்து வரி விதித்தபோது எழுதிய ரீசெட்டில்மெண்ட், செட்டில்மெண்ட் பதிவேடுகளைக் கேளுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்திலோ மாவட்ட ஆவண அறையிலோ இருக்கும். வாய்மொழியாகக் கேட்டு இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய பத்திரங்களும் உண்டு. பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் விடாதீர்கள். ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று அது தானே வம்சத்தைச் சொல்லிவிடும். கடல் கடந்து போன தம்பியின் பங்கை என்ன செய்தார்கள் என்பதுகூட அதில் இருக்கலாம்.

ஆனால் கப்பலேறியவர்களில் ஏராளமானோர் நிலமற்றவர்கள். அவர்களை எந்தப் பட்டாவிலும் காண முடியாது. அந்தக் குடும்பங்களுக்குக் கிறிஸ்தவராக இருந்தால் ஞானஸ்நானப் பதிவேடு, மற்றவர்களுக்குக் குலதெய்வம், ஊர்ப் பெரியவர்களின் நினைவு, இவைதான் வழி. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் குடியேற்றம் பற்றிய அரசுக் கோப்புகள் உண்டு. அவை பெரும்பாலும் நிர்வாகக் கடிதங்கள். தனி ஆளைத் தேடி முதல் வேலையாக அங்கே போக வேண்டாம்.

8. ஊருக்குப் போகும்போது

பேச்சின் தொடக்கத்திலேயே ‘சொத்து கேட்டு வரவில்லை’ என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நூறு வருடத்துக்கு முன் போனவரின் வாரிசு பழைய பேப்பரோடு வந்து நின்றால் யாருக்கும் முதலில் தோன்றுவது நிலம்தான். அந்தச் சந்தேகம் தீராமல் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் வருவதாக இருந்தால், நீங்கள் முன்கூட்டியே ஒருமுறை போய் இதைச் சொல்லி வையுங்கள்.

குலதெய்வக் கோயில் எது என்று தெரிந்தால் சாதாரண நாளில் போவதைவிடத் திருவிழாவில் போவது நல்லது. பல ஊர்களுக்குச் சிதறிய பங்காளிகள் அன்று ஒரே இடத்தில் இருப்பார்கள். தென் மாவட்டங்களில் பல குடும்பங்களுக்கு அது மாசி சிவராத்திரி. கப்பல் பட்டியலின் நகலையும், வம்சப் படத்தைப் பெரிய எழுத்தில் அச்செடுத்த நாலைந்து பிரதிகளையும் கொண்டுபோங்கள். படத்தில் காலி இடம் நிறைய விட்டிருங்கள், கையில் இரண்டு பேனா இருக்கட்டும்.