பயாப்ஸி பிளாக்கைக் கேட்டு வாங்குங்கள்

மூளையில் கட்டி என்று ஸ்கேன் காட்டியதும் யாழ்ப்பாணத்திலிருந்து அவசரமாகப் புறப்பட்டு வந்து, எங்களைப் போலவே சென்னை தண்டையார்பேட்டைப் பக்கம் அறை எடுத்துத் தங்கப்போகும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். சுற்றுலா விசாவில் வராதீர்கள். நோயாளிக்கு மருத்துவ விசாவும், துணைக்கு வரும் இருவர் வரை உதவியாளர் விசாவும் எடுங்கள். உங்கள் விவரங்களை 24 மணி நேரத்துக்குள் அவர் இணையவழி பதிய வேண்டும் என்பதை, அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

அறுவை நிபுணர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. டாக்டர் பி. ராமமூர்த்தி 1950இல் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கிய நகரம் இது; என் அண்ணாவின் கட்டியை எடுத்தவரும் அந்தப் பெயரைக் காப்பாற்றினார். நாங்கள் சூடுபட்டது அதற்குப் பிறகுதான், கட்டியின் திசுவை மெழுகில் பதித்து வைக்கும் பயாப்ஸி பிளாக்கைக் கேட்டு வாங்காததால்.

ஊரில் ஒப்பரேஷன் முடித்துத் தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்கோ மகரகமவில் உள்ளதற்கோ மாற்றினால், கடிதத்தையும் கிளினிக் கொப்பியையும் கொண்டுபோனால் போதும், மிச்சத்தை அவர்களே தங்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பிப் பழகியவர்கள் நாம். இங்கே ஒரு தனியார் மருத்துவமனை ஆறாம் நாள் டிஸ்சார்ஜ் சம்மரியோடு எங்களை அனுப்பிவிட்டது. பயாப்ஸி முடிவு பின்னர்தான் வந்தது. அதிலும் உயர்நிலைக் கிளையோமா, அதாவது வேகமாக வளரும் மூளைக் கட்டி, என்ற ஒரு வரி மட்டுமே இருந்தது. கதிர்வீச்சுக்காக வேறிடம் போனபோது, கட்டியின் வகையைச் சொல்லும் ஐ.டி.எச். மரபணு மாற்றம் உண்டா, கீமோ மாத்திரை எவ்வளவு பலிக்கும் என்று காட்டும் எம்.ஜி.எம்.டி. நிலை என்ன என்று அந்த மருத்துவர் முதலில் கேட்டார். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டின்படி, ஐ.டி.எச். மாற்றம் உள்ள கட்டி, மிகக் கடுமையான வகையான கிளையோபிளாஸ்டோமா என்றே அழைக்கப்படுவதில்லை. நோயின் போக்கே வேறு. சோதிக்க வேண்டிய திசுவோ, அந்த மருத்துவமனை அனுப்பியிருந்த வெளி லேப் ஒன்றில் கிடந்தது. அண்ணாவின் கையெழுத்து, கடவுச்சீட்டு நகல், மருத்துவரின் கடிதம் என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாகக் கேட்டு 17 நாட்கள் அலைக்கழித்தார்கள். வீட்டில் அண்ணா ‘தேத்தண்ணி’ என்ற சொல் வராமல் கோப்பையைக் காட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை. கடைசியில் கையில் வந்தது, வெளிர்மஞ்சள் பிளாஸ்டிக் கூட்டில் பதித்த ஒரு துண்டு மெழுகு. நடுவில் அரிசிமணி அளவில் கறுத்த திசு, ஓரத்தில் பென்சிலால் எழுதிய எண். ஆட்டோவில் அதை இரு கைகளாலும் பொத்திக்கொண்டு வந்தேன்.

ஆகவே, டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே, திசு எந்த லேபுக்குப் போனது, அதன் எண் என்ன என்பதை எழுதி வாங்குங்கள். முடிவு வந்த அன்றே பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேளுங்கள். அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களைப் பிலிமாக மட்டுமின்றிச் சி.டி.யிலும் பெறுங்கள், கதிர்வீச்சைத் திட்டமிட இரண்டு நேரப் படங்களும் தேவைப்படும். கிளையோபிளாஸ்டோமாவுக்கு வழக்கமாக 6 வாரங்களில் 30 தடவை கதிர்வீச்சும், உடன் டெமோசோலமைடு என்ற கீமோ மாத்திரையும் தருவார்கள். அந்த நாட்களையும் சேர்த்தே விசாவைக் கணக்கிடுங்கள். அறுவை நிபுணரும் கதிர்வீச்சு நிபுணரும் நோயியல் நிபுணரும் சேர்ந்து முடிவெடுக்கும் டியூமர் போர்டு உள்ளதா என்று முதல் நாளே விசாரியுங்கள். மூளை வீக்கத்துக்குத் தரும் டெக்ஸாமெத்தசோனை நீங்களாக நிறுத்தவே கூடாது. அது சர்க்கரையையும் ஏற்றும். ‘கதைக்க ஏலாமல் இருக்கு’ என்றால் இங்கு சிலருக்குப் புரியாது. பேச்சு வரவில்லை என்றே சொல்லுங்கள்.

பிளாக்கைச் சென்னை வெயிலில் வண்டிக்குள் விட்டுவிடாதீர்கள், மெழுகு இளகும். சோதனை முடிந்து திரும்பிய எங்களுடையது, அலமாரியின் கீழ்த்தட்டில், அண்ணாவின் உடுப்புகளுக்கிடையே இருக்கிறது.