பனிக்காலத்தில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டொராண்டோவில் நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைப்பார்கள். அதன் பிறகு தெருவில் சைக்கிள்கள் குறைந்துகொண்டே வரும். டிசம்பரில் சிக்னலில் பக்கத்தில் இன்னொரு சைக்கிள் வந்து நின்றால் தெரியாதவரும் தலையாட்டிவிட்டுப் போவார். நான் டான்ஃபோர்த் தெருவில் ஆரம்பித்து, டான் பள்ளத்தாக்கின் மேலே போகிற பெரிய பாலத்தைத் தாண்டி, ப்ளோர் தெரு வழியாக வேலைக்குப் போகிறேன். ஆறு குளிர்காலம் ஆகிவிட்டது.

நம் ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் கேட்கிற முதல் கேள்வி குளிரைப் பற்றித்தான். "மைனஸ் பத்துல எப்படிங்க ஓட்டுறீங்க?" குளிருக்குத் துணி இருக்கிறது. தொந்தரவு கொடுப்பது தண்ணீர். பனியனுக்குள் வேர்வையாக, பிரேக் கேபிளுக்குள் ஒரு சொட்டாக, செயினில் உப்புத்தண்ணீராக, சாலையில் கண்ணாடியாக அது வேலையைக் காட்டும். நான் செய்த தவறுகளிலும் நண்பர்கள் செய்து பார்த்த தவறுகளிலும் முக்கால்வாசி இந்தத் தண்ணீரைக் கணக்கில் சேர்க்காததால் வந்தவை.

மூட்டை மாதிரி போர்த்திக்கொள்வது

மார்கழி வந்தால் குரங்குக் குல்லாவும் மஃப்ளரும் வெளியே எடுக்கிற வீட்டில் வளர்ந்தவர்கள் நாம். "பனி தலையில இறங்கும், காதை மூடு" என்று கேட்டுப் பழகிய உடம்பு, மைனஸ் டிகிரியைக் கண்டதும் இருப்பதையெல்லாம் மாட்டிக்கொள்ளச் சொல்லும். நடந்து போகிறவருக்கு அது சரி. மிதிக்கிறவருக்குப் பத்து நிமிடத்தில் உடம்பு அடுப்பாகிவிடும். தடித்த இறகு ஜாக்கெட்டுக்குள் வேர்வை போக வழியில்லாமல் பனியனிலேயே தேங்கும். அப்புறம் ஒரு சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றால் போதும், ஈரப் பனியன் முதுகில் ஒட்டி நடுக்கம் ஆரம்பித்துவிடும்.

வீட்டு வாசலில் நிற்கும்போது லேசாகக் குளிர வேண்டும். அதுதான் சரியான அளவு. உடம்போடு ஒட்டி மெரினோ கம்பளியோ பாலியெஸ்டரோ, அதற்கு மேல் காற்றைத் தடுக்கிற மெல்லிய ஜாக்கெட். மைனஸ் பத்துக்குக் கீழே போனால் நடுவில் ஒரு ஃப்ளீஸ். பருத்தி பனியன் மட்டும் வேண்டவே வேண்டாம், நனைந்தால் சீக்கிரம் காயாது.

கையும் காலும் வேறு கணக்கு. உடம்பு சூடானாலும் விரல் சூடாகாது, காசு செலவழிக்க வேண்டிய இடம் அதுதான். பலர் இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு சாக்ஸைத் திணிக்கிறார்கள். ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் மரத்துப்போகும். ஒரு சைஸ் பெரிய ஷூ, ஒரே ஒரு கம்பளி சாக்ஸ், அதுவே நல்லது. கையுறையில் நண்டுக் கொடுக்கு மாதிரி இரண்டிரண்டு விரல் சேர்ந்து இருப்பது, தனித்தனி விரலுள்ளதைவிடச் சூடு தாங்கும். பிரேக்கும் பிடிக்கலாம். ஹெல்மெட்டுக்குள் தடித்த கம்பளிக் குல்லா போடாதீர்கள். ஹெல்மெட் தலைமேல் தூக்கிக்கொண்டு நிற்கும், விழும்போது உதவாது. காதை மூடுகிற மெல்லிய தொப்பி போட்டு, ஹெல்மெட் பட்டையை அதற்குத் தகுந்தபடி சரிசெய்துகொள்ளுங்கள்.

வானிலை அறிக்கையில் வெறும் வெப்பநிலையைப் பார்த்துவிட்டுக் கிளம்புவதும் தவறுதான். காற்றே வீசாத நாளிலும் இருபது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் தன் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறார். மைனஸ் 10 டிகிரியில் அந்த வேகத்துக்கு முகத்தில் மைனஸ் 18 மாதிரி இருக்கும். அந்தக் காற்றுக் குளிர் எண் மைனஸ் 28ஐத் தொட்டால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறைந்துபோகலாம் என்று கனடாவின் வானிலைத் துறை எச்சரிக்கிறது. மூக்கு, கன்னம், மணிக்கட்டில் கையுறைக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவே தெரிகிற அந்த ஒரு அங்குலம், இந்த இடங்களைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

எல்லாப் பனியையும் ஒன்று என்று நினைப்பது

தமிழில் பனி என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு புல்லில் நிற்கிற துளியையும் இமயமலை உச்சியையும் சொல்லிவிடுகிறோம். இங்கே தினமும் ஓட்டுகிறவருக்கு அது போதாது.

நல்ல குளிரில் புதிதாக விழுந்த பனி ரவை மாதிரி இருக்கும். நான்கு விரல் ஆழம் வரைக்கும் மெதுவாக மிதித்துப் போய்விடலாம், டயர் பிடிக்கும். கார்கள் மிதித்து, உப்பு கலந்து, நாட்டுச் சர்க்கரை மாதிரிப் பழுப்பாகக் கிடப்பது அடுத்தது. அதில் முன் சக்கரம் தன் இஷ்டத்துக்கு அலையும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துத் திருத்தப் பார்த்தால் விழுவீர்கள். கையைத் தளர்த்தி, எடையைப் பின்னால் வைத்து, மிதிப்பதை நிறுத்தாமல் போங்கள். பகலில் சகதியாகி இரவில் இறுகிப்போன டயர் தடங்கள் அதைவிட மோசம். தண்டவாளத்தில் சக்கரம் மாட்டிக்கொண்ட மாதிரி இழுக்கும். இவை எல்லாமே கண்ணுக்குத் தெரியும் என்பதால் எச்சரிக்கையாகிவிடுவோம். தெரியாதது ஒன்று இருக்கிறது.

என் இரண்டாவது குளிர்காலம். முந்தின நாள் மூன்று டிகிரி, ஓரத்தில் குவித்திருந்த பனி உருகி வழிந்தது. இரவில் மைனஸ் ஆறு. காலையில் வானம் பளிச்சென்று இருந்தது, டான்ஃபோர்த் காய்ந்து கிடந்தது, நானும் வழக்கமான வேகத்தில் வந்தேன். பாலத்தில் ஏறியதும் தரை கொஞ்சம் ஈரமாகத் தெரிந்தது, அவ்வளவுதான். முன்னால் ஒருவர் மெதுவாகப் போகிறாரே என்று முன் பிரேக்கைத் தொட்டேன். முன் சக்கரம் இடப்பக்கம் ஒதுங்கியதை உணர்வதற்குள் இடுப்பு தரையில் இருந்தது. எழுந்து உட்கார்ந்து, கையுறையைக் கழற்றித் தரையைத் தடவினேன். விரல் நனையவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. பக்கத்துத் தடத்தில் கார்கள் போய்க்கொண்டிருந்தன. ஒரு டயரிலிருந்தும் ஒரு துளி தெறிக்கவில்லை.

அந்தக் கார் டயர்களை நான் ஒரு நிமிடம் முன்பே பார்த்திருக்க வேண்டும். சாலை ஈரமாகத் தெரிந்தால் முன்னால் போகிற வண்டியின் டயரைப் பாருங்கள். தெறிப்பும் அந்த "ஸ்ஸ்" சத்தமும் இருந்தால் தண்ணீர். இரண்டும் இல்லையென்றால் ஐஸ். பாலங்கள் மற்றச் சாலைகளுக்கு முன்பே உறைந்துவிடும். சாதாரண சாலைக்கு அடியில் மண்ணின் சூடு இருக்கிறது, பாலத்துக்கு மேலேயும் கீழேயும் காற்றுதான். 1918இல் திறந்த அந்தப் பாலம் எங்கள் பகுதி சைக்கிள்காரர்களுக்கு ஒவ்வொரு டிசம்பரிலும் இதைக் கற்றுக்கொடுக்கிறது. உருகி உறைந்த மறுநாள் காலைதான் ஆபத்தான காலை. மைனஸ் பதினைந்தில் வறண்டு கிடக்கிற சாலையில் நிம்மதியாகப் போகலாம்.

ஃபின்லாந்தின் ஊலு நகரத்தில், சாலையில் நீர் தேங்கவே விடாத வழியைப் பிடித்திருக்கிறார்கள். சர்வதேசக் குளிர்கால சைக்கிள் மாநாடு 2013இல் முதன்முதலாக நடந்தது அங்கேதான். சைக்கிள் பாதையில் உப்பைக் கொட்டிச் சகதியாக்காமல், பனியை அழுத்திச் சமப்படுத்தி மேலே பொடிக்கல் தூவுகிறார்கள். நம் தெருவில் உப்புதான். அந்தச் சாதாரண உப்பும் மைனஸ் பத்தை ஒட்டிய குளிரில் சரியாக வேலை செய்யாது. "உப்பு போட்டிருக்கிறார்களே" என்று நம்பிப் போகாதீர்கள்.

ஐஸில் ஏறிவிட்டீர்கள் என்று தெரிந்தால் பிரேக் பிடிக்காதீர்கள், திருப்பாதீர்கள், வண்டி தானாக உருளட்டும். வேகத்தைக் குறைப்பதெல்லாம் வளைவுக்கு முன்பே, நேராகப் போகும்போது, பின் பிரேக்கில். காலேஜ், டண்டாஸ், குவீன், கிங் தெருக்களில் டிராம் தண்டவாளம் உண்டு. ஊரில் மழை நாளில் ரயில்வே கேட்டைக் கடந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்காதீர்கள், நேர்க்குறுக்காகப் போங்கள்.

கோடைக்கால டயரோடு ஓட்டுவது

வெறும் ஐஸில் சாதாரண ரப்பர் எதுவும் நிற்காது, எவ்வளவு அகலமாக இருந்தாலும் சரி. ஆணி டயர் என்று நாங்கள் சொல்கிற, கார்பைடு முனைகள் பதித்த டயர்தான் நிற்கும். விலை கூடுதல்தான், ஆனால் இடுப்பு எலும்பைவிட அதிகமில்லை. இரண்டு வாங்க முடியாவிட்டால் ஒன்றை வாங்கி முன் சக்கரத்தில் போடுங்கள். பின் சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம், முன் சக்கரம் வழுக்கினால் நேரமே இருக்காது. புதிதாகப் போட்டதும் முதல் 40 கிலோமீட்டர் தார்ச் சாலையில் நிதானமாக ஓட்டினால் ஆணிகள் நன்றாகப் பதியும். முதல் நாளே இழுத்து பிரேக் பிடித்தால் கழன்று போகும். அதனால் முதல் பனி விழும் வரை காத்திருக்காமல் நவம்பரிலேயே மாற்றிவிடுங்கள்.

காற்றையும் பாருங்கள். 20 டிகிரியில் வீட்டுக்குள் 60 பிஎஸ்ஐ அடித்த டயர், வெளியே மைனஸ் 10இல் 52க்கு இறங்கிவிடும். பஞ்சர் என்று நினைத்து டியூபைக் கழற்றிப் பார்த்தவர்கள் உண்டு.

வண்டியைச் சூட்டுக்கும் குளிருக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோவது

வண்டி மேல் பாசம் உள்ளவர்கள் செய்கிற தவறு இது, அதனால்தான் சொல்லவே சங்கடமாக இருக்கிறது. மாலையில் பனி அப்பிய சைக்கிளை அப்படியே வரவேற்பறைக்குள் கொண்டுவந்து நிறுத்துவோம். அரை மணி நேரத்தில் தரையில் குட்டை. துடைத்துவிட்டுத் தூங்கிவிடுவோம். ஆனால் உருகிய தண்ணீர் தரைக்கு மட்டும் போகாது. கேபிள் உறைக்குள், மிதிக்காதபோதும் பின் சக்கரத்தைச் சுற்றவிடுகிற ஃப்ரீவீலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். காலையில் மைனஸ் பன்னிரண்டில் வெளியே எடுத்துப் பத்து நிமிடம் போனதும் அந்தச் சொட்டு உறையும்.

எனக்கு அப்படி ஆனது ஒரு ஏற்றத்தில். நின்று அழுத்தி மிதித்தேன், கால் "லொடக்" என்று சும்மா சுற்றியது. செயின் கழன்றதோ என்று குனிந்து பார்த்தால் செயின் அதன் இடத்தில் ஓடுகிறது, சக்கரம் மட்டும் நகரவில்லை. ஃப்ரீவீலுக்குள் இருக்கிற பல் நாக்குகள் ஐஸில் ஒட்டிக்கொண்டு பிடிக்க மறுத்துவிட்டன. பிரேக் கேபிளில் இதே நடந்தால், லீவரை அழுத்திய பிறகு அது திரும்ப வராது, அல்லது அழுத்தவே வராது.

வண்டி குளிரிலேயே இருக்கட்டும். கூரையுள்ள இடமோ சூடு இல்லாத கராஜோ போதும். வாடகை வீட்டில் அது முடியாதென்றால், உள்ளே கொண்டுவருவதற்கு முன் வாசலில் இரண்டு முறை தரையில் தட்டி, பிரஷ்ஷால் பனியை உதறிவிடுங்கள். உள்ளே வந்தால் முழுதாகக் காய விடுங்கள், அரைகுறையாக வெளியே எடுக்காதீர்கள். பூட்டுக்கும் இதே விதி. சாவித்துவாரம் மேலே பார்த்தபடி பூட்டாதீர்கள், கீழே பார்க்கட்டும். உறைந்துவிட்டால் வெந்நீர் ஊற்றக்கூடாது, அந்த வெந்நீரும் உள்ளே உறையும்.

உப்புத்தண்ணீர் செயினை ஒரே வாரத்தில் துருப்பிடிக்க வைக்கும். வந்ததும் துணியால் ஓர் இழுப்பு, வாரத்துக்கு ஒருமுறை ஈரத்துக்கான செயின் எண்ணெய். மட்கார்டு முழு நீளமாக இருக்கட்டும்.

விளக்கு பற்றிச் சுருக்கமாக. டிசம்பரில் சூரியன் 4:40 மணி வாக்கில் மறைந்துவிடும், வீடு திரும்புவது இருட்டில்தான். முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கோ பிரதிபலிப்பானோ ஒன்டாரியோ சட்டப்படி கட்டாயம். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், அதனால் அலுவலகத்துக்குள் எடுத்துப் போய் சார்ஜ் போடுங்கள். மின்சார சைக்கிள் வைத்திருப்பவர்கள் உறைந்த பேட்டரியை உடனே சார்ஜில் போடக்கூடாது. பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் பேட்டரி நிரந்தரமாகக் கெடும். அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

தினமும் ஓட்டியே தீருவேன் என்பது

விழும்போது மழையாக இருந்து, தொட்ட இடத்தில் ஐஸாகிற மழை ஒன்று உண்டு. 2013 டிசம்பரில் இந்த நகரத்தின் மரங்களை ஒடித்து, கிறிஸ்துமஸ் நேரத்தில் பல வீடுகளில் மின்சாரத்தை நிறுத்தியது அதுதான். அந்த மாதிரி நாளில் ஆணி டயர் உங்களைக் காப்பாற்றலாம், பக்கத்தில் வழுக்கி வருகிற காரிலிருந்து காப்பாற்றாது. வண்டியை விட்டுவிட்டு ரயிலில் போங்கள். பாதி வழியில் நிலைமை மாறினால் டிடிசி என்கிற நகரப் போக்குவரத்துப் பேருந்தின் முன்னால் சைக்கிள் மாட்டுகிற சட்டம் இருக்கிறது. அதை மடக்கி இறக்குவது எப்படி என்று ஒரு நல்ல நாளிலேயே பார்த்து வையுங்கள்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் திங்கட்கிழமை அவசரத்தில் ஆரம்பிக்க வேண்டாம். ஒரு ஞாயிறு காலை, ஆள் இல்லாத வாகன நிறுத்துமிடத்தில் பனி கிடக்கும்போது போங்கள். சீட்டை ஒரு அங்குலம் இறக்கி, இரண்டு காலும் தரையில் படும்படி வைத்துக்கொண்டு, நடை வேகத்தில் பின் பிரேக்கை வேண்டுமென்றே இழுத்துப் பிடியுங்கள். சக்கரம் வழுக்குவது முதலில் இடுப்பில்தான் தெரியும். அது பழகும் வரை பத்துப் பதினைந்து முறை செய்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.