ஜப்பானில் வேலை விசா, கூடவே பார்ட் டைம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் டோக்கியோவின் நிஷி-கசாயில் ஒரு தம்பியைப் பார்த்தேன். ஜப்பான் வந்து மூன்றே மாதம், இன்ஜினியர் விசா. "அண்ணா, வாரம் 28 மணி நேரம் பார்ட் டைம் பார்க்கலாமாமே? ஒரு ஓட்டல்ல கூப்பிடறாங்க" என்றான். அந்த 28-ஐக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். நான் மாட்டியதும் அதே எண்ணில்தான்.

28 மணி நேரம் உங்களுக்கு இல்லை

மாணவர் விசாவிலும் குடும்ப விசாவிலும் இருப்பவர்கள் அனுமதி வாங்கினால் கிடைக்கும் வரம்பு அது. வேலை விசாவில் எத்தனை மணி நேரம் என்று பார்ப்பதில்லை, என்ன வேலை என்றுதான் பார்ப்பார்கள். இன்ஜினியர் விசாக்காரர் இன்னொரு கம்பெனிக்கு புரோகிராம் எழுதலாம், மொழிபெயர்க்கலாம், தனியார் ஆங்கிலப் பயிற்சி மையத்தில் பாடம் எடுக்கலாம். எல்லாம் அதே விசாவுக்குள் அடங்கும். அரசுப் பள்ளியில் கற்பிப்பதென்றால் இமிக்ரேஷனில் தனி அனுமதி வாங்க வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. ஓட்டலில் தட்டு கழுவுவதற்கோ கொன்பினி (24 மணி நேரச் சிறு கடை) கல்லாவில் நிற்பதற்கோ அனுமதி கேட்டாலும் கிடைக்காது.

மாணவனாக வந்த அறைத்தோழன் சொன்ன 28 மணி நேரக் கணக்கை நம்பி, ஞாயிறுதோறும் ஒரு இந்திய ஓட்டலில் நாண் பரிமாறினேன். மணிக்கு 1,000 யென், சாப்பாடு இலவசம். விசா புதுப்பிக்கக் கொடுத்த வரிச் சான்றிதழில் வருமானம் என் சம்பளத்தைவிடக் கூடுதலாக இருந்தது. கவுன்டரில் இருந்தவர் அந்த எண்ணுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு, "இது எங்கிருந்து வந்தது?" என்று மெதுவாகக் கேட்டார். விளக்கக் கடிதம், மன்னிப்பு, இரண்டு மாதம் தூக்கமில்லை. மூன்று வருட விசா வரும் என்றிருந்தேன், ஒரு வருடம்தான் வந்தது. அதை வைத்து நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்க முடியாது. நாண் காசில் வாங்கிய குளிர் கோட்டு இன்னும் அலமாரியில் தொங்குகிறது.

"கையில் காசாக வாங்கினால் தெரியாது" என்பார்கள்

தெரியும்.

"கம்பெனி சரி என்றால் போதும்" என்பார்கள்

கம்பெனி வேறு, இமிக்ரேஷன் வேறு. கம்பெனிகள் பார்த்து எழுத அரசு வெளியிடும் மாதிரிப் பணிவிதிகளில் இருந்த வெளிவேலைத் தடையை 2018-லேயே எடுத்துவிட்டார்கள். ஆனால் உங்கள் கம்பெனி விதியில் அது இன்னும் இருக்கலாம், படித்துப் பாருங்கள்.

"பார்ட் டைம் வருமானம் வருடத்துக்கு 2 லட்சம் யென்னுக்குள் என்றால் வரிக் கணக்கு வேண்டாம்" என்பார்கள்

அந்தச் சலுகை வருமான வரிக்கு மட்டும். உள்ளூர் குடியிருப்பு வரிக்குக் கிடையாது. வார்டு அலுவலகத்தில் சொல்லியாக வேண்டும்.

தம்பி எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ சாப்பிட மட்டும் போகலாமா அண்ணா?" என்றான். காசு கொடுத்துச் சாப்பிடு என்றேன்.